இளைப்பாறித் திரும்பியோர்

தெஹிவளையிற் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே புகையிரதப் பாதை ஓடுகின்றது. மாலை வேளையில் அப்பாதையைக் கடந்து மணலில் இறங்கிச் சிறிது தூரம் நடப்பது எம்போன்ற முதியோரின் நாட்கடமைகளுள் ஒன்று. சென்ற மாதத்தில் ஒருநாள், ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவருடன் அவ்வாறு நடந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு வெள்ளையர் குடும்பத்தைக் கண்டோம். பிள்ளைகள் மூவர் மணலிற் குழி தோண்டிக் கடல்நீரை அதனுள் நிரப்ப முயன்றுகொண்டிருந்தனர். தாயார் வாசித்த புத்தகத்தை மார்பின்மேற் கவிழ்த்துவிட்டு அயர்ந்து உறங்கினார். தந்தையார் எங்களைப் பார்த்து முறுவலித்தார்; பேச்சுக் கொடுத்தோம். வேறொரு நாட்டின் மலைப்பகுதியில் மிஷன் வைத்தியசாலை ஒன்றிற் பணிபுரிகின்றார்களாம். மூன்று வாரம் இளைப்பாற வந்தார்களாம். அடுத்த கிழமை மீண்டும் அங்கேயே செல்கின்றார்களாம்.

விடைபெற்று நாலடி நடந்ததும் நண்பர் சொன்னார்: "ஊழியத்துக்கெண்டு வந்தவைக்கு உல்லாசமும் வேணுமோ?"

நான் உடனே மறுமொழி கூறவில்லை. இது நண்பர் ஒருவருடைய கேள்வி மாத்திரம் அன்று. மிஷனரிமாரைப் பற்றி எம்மவர் எழுதும் கட்டுரைகளைப் படித்து வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரு சாரார் அவர்களை இரவு பகல் உறங்காத தியாக மூர்த்திகளாக்கி மாலை சூட்டுவர். மற்றொரு சாரார், அவர்கள் பங்களாவும் பல்லக்குமாய் வாழ்ந்த துரைமாரே என்று தள்ளிவிடுவர். இவ்விரு சாராரும் ஒரே அளவுகோலையே கையில் வைத்திருக்கின்றனர். ஓய்வெடுக்காதவன் உத்தமன், ஓய்வெடுத்தவன் போலி என்பதே அவ்வளவுகோல். அது பிழையான அளவுகோல் என்பதே என் கட்சி. அதனை எடுத்துரைக்க வேறு தேசம் செல்ல வேண்டியதில்லை. எமது யாழ்ப்பாணமே போதும்.

1815ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய சிறு கூட்டமொன்று ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின் 1816 மார்ச்சிற் கொழும்பில் வந்திறங்கியது. அவ்வாண்டிலேயே அவர்கள் யாழ்ப்பாணம் சென்று, பின்னர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். அமெரிக்க இலங்கை மிஷன் என்று நாம் அழைப்பது இவ்வாறு தொடங்கியதே. அக்காலத்து விதி எளிது. சென்றவன் சென்றவனே. ஆயுட்காலப் பணிக்கென்றே அனுப்பப்பட்டார்கள். இத்தனை ஆண்டுக்கொருமுறை தாயகம் திரும்பி இளைப்பாறலாம் என்ற ஏற்பாடு அன்று இல்லை. திரும்புதல் என்பது தோல்விக்கு மறுபெயராகவே கருதப்பட்டது.

அதன் விளைவு யாது? எட்வேட் வாறன் என்பவர் வந்து இரண்டு ஆண்டுகளிலேயே மார்புநோய் முற்றி, உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றப்பட்டார். 1818 ஓகஸ்ற்றில் அங்கேயே மாண்டார். அவருடன் சென்ற ஜேம்ஸ் றிச்சட்ஸ் சற்றே தேறித் திரும்பிவந்து 1822இல் இறந்தார். டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இற் காலமானார். இவர்களின் இடத்தை நிரப்பப் புதியவர்கள் வரவும் வழியில்லை. 1820 தொடக்கம் 1833 வரையில் புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருவதை ஆங்கில அரசாங்கம் தடைசெய்திருந்தது. அச்சுத்தொழிலாளியாக வந்த ஜேம்ஸ் கரற் என்பவரையும் வெளியேறுமாறு பணித்தது. ஒருவர் களைத்தாற் கைமாற ஆளில்லை. வந்தவர்கள் வேலை செய்தார்கள், நோயுற்றார்கள், மாண்டார்கள். எஞ்சியவர்கள் அவர்களுடைய வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

நன்னம்பிக்கை முனையைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அக்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் உடல் நலிந்த வெள்ளையருக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த மருந்துகளுள் அதுவும் ஒன்று. பெயரில் நம்பிக்கை இருந்தது. பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிப் பின்னர் சென்னைக்குச் சென்ற ஜோன் ஸ்கடர் இளைப்பாறுவதற்காக அங்கே சென்று 1855 ஜனவரியில் இறந்தார். தமிழ் - ஆங்கிலப் பேரகராதியை 1862இற் சென்னையில் வெளியிட்ட மைரன் வின்சிலோ, நாற்பத்தைந்து ஆண்டுகளாகிய உழைப்பின் பின் தாயகம் நோக்கிப் புறப்பட்டு, 1864இல் அதே முனையிலே உயிர்நீத்தார். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்து அச்சேற்றியபின் அவருக்குக் கிடைத்த ஓய்வு இவ்வளவே. வாறன், ஸ்கடர், வின்சிலோ ஆகிய மூவரும் ஓய்வைத் தேடி ஒரே கரையை அடைந்தவர்கள். மூவரும் அக்கரையிலிருந்து மீளவில்லை. உல்லாசம் என்று நண்பர் சொன்னாரே, அச்சொல்லை இம்மூவருக்கும் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டுகின்றேன்.

கோடைக்கானலைப் பற்றியும் நாம் இவ்வாறே தவறாகப் பேசுகின்றோம். இன்று புதுமணத் தம்பதிகள் படம் பிடிக்கச் செல்லும் அவ்வூர் எவ்வாறு தோன்றியது? 1834இல் யாழ்ப்பாணத்து மிஷனிலிருந்து பிரிந்து சென்றவர்கள் மதுரையிற் பணி தொடங்கினர். வாந்திபேதியும் காய்ச்சலும் பத்தாண்டுக்குள் அவர்களுட் பலரையும் பிள்ளைகளையும் கொண்டுசென்றன. அணித்தே இருந்த சிறுமலையிற் குடில் அமைத்துப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே பழனிமலையின் உச்சியை நாடி, 1845இல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அவ்வூரின் முதல் அத்திவாரம் அவ்வீடுகளே. இறந்தவர்களின் கணக்கைப் பார்த்த பின்னரே இருப்பவர்களுக்கு மலைக்காற்று வேண்டும் என்ற அறிவு வந்தது. அவ்வறிவு வர எத்தனை கல்லறைகள் வேண்டியிருந்தன!

ஆயினும் மாண்டவர்களை மட்டும் காட்டி வழக்கை முடிப்பது நியாயமன்று. ஓய்வெடுத்து, மீண்டு, திரும்பியும் வந்தவர்களைப் பார்க்கவேண்டும். என் உள்ளத்திற்கு நெருங்கியவர் அத்தகையோருள் ஒருவரே: மானிப்பாயின் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1847இல் வந்தபோது வயது இருபத்தைந்து. அவ்வயதிற் கடல் கடப்பது பெரிதன்று. வாலிபத்தின் ஆர்வம் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுசென்றிருக்கின்றது. அவ்வார்வத்திற்கு எதிரேயிருப்பது யாதென்று தெரியாது. பத்தாண்டுகள் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்து, மாணவருக்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, உடல் தளர்ந்து தாயகம் சென்றார். அங்கே நாலைந்து ஆண்டுகள் தங்கினார். சொந்த ஊரான வூஸ்ரரிற் குடும்பத்துக்கு நிலமுண்டு, வீடுண்டு. வைத்தியத் தொழிலும் கையிலுண்டு. 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வைத்தியர்களுக்கு அங்கேயே வேலை மிகுந்திருந்த காலம் அது. திரும்பிச் செல்லாமலிருப்பதற்கு ஒருவருக்கு இத்தனை காரணங்கள் கிடைப்பது அரிது. அவர் 1862இல் மணம்புரிந்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் யாழ்ப்பாணத்திற்கே வந்தார்.

முதல் வருகையைவிட இரண்டாம் வருகையையே நான் பெரிதாக மதிக்கின்றேன். முதற்றடவை வருபவன் தன் கற்பனைக்கு வருகின்றான். இரண்டாந் தடவை வருபவன் வெயிலையும் நுளம்பையும் மனிதரையும் அறிந்து வருகின்றான். அதற்கு இடையில் ஓர் ஓய்வு வேண்டும். விலகி நின்று பார்த்தாலன்றித் தன் வேலையின் உருவம் ஒருவனுக்குத் தெரிவதில்லை. கிறீன் திரும்பிவந்த பின்னர் செய்ததைக் கவனியுங்கள். 1864இல் தமிழ்மொழி மூலமே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் மருத்துவ நூல் ஆக்கும் வேலையை அவர் முன்னரே ஆரம்பித்திருந்தார் என்பது மெய். எனினும், மேல்நாட்டு மருத்துவத்தை முற்றாகத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று துணிந்து வகுப்பு நடத்தியது மீண்டு வந்த கிறீனே. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

1873இல் அவர் இறுதியாக யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கினார். இனி வருவதற்கு உடல் இடந்தரவில்லை. வூஸ்ரரில் எஞ்சியிருந்த பதினொரு ஆண்டுகளில் என்ன செய்தார்? பனி பெய்யும் ஊரிலே தம் இல்லத்தில் அமர்ந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்த மாணாக்கர் மொழிபெயர்த்து அனுப்புவர். அவர் பார்த்துத் திருப்பி அனுப்புவார். கெமிஸ்தம் 1875இல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். தமிழர்க்கு மருத்துவ ஊழியன் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்கச் செய்தார். தாயகம் திரும்பியவரின் மனம் எவ்வூரில் இளைப்பாறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இன்று பல்கலைக்கழகங்களில் கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர், ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவத் தமிழ் அச்சாகியிருந்தது என்பதை முன்னுரையில் மட்டும் நினைவுகூர்ந்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். அந்நூல்களைத் திறந்து பார்ப்போர் சிலரே. அது வேறு வழக்கு. வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். உடுவிற் பெண்பாடசாலையில் எலைசா அக்னியூ அம்மையார் இல்லையா என்று கேட்பார்கள். 1840இல் வந்தவர், 1879 வரை கற்பித்தவர், 1883இல் மானிப்பாயில் இறந்தவர். இடையில் ஒருமுறையேனும் தாயகம் செல்லாதவர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று போற்றப்பட்டவர். அவரை நானும் வணங்குகின்றேன். ஆனால், ஒருவரின் அபூர்வமான உடலுறுதியை எல்லோர்க்கும் விதியாக்கியதே முன்னைய தலைமுறையைக் கொன்றது என்பதை மறத்தலாகாது. இந்நோய் எம்மிடமும் உண்டு. ஆசிரியர் ஒருவர் இளைப்பாறும்போது நடத்தும் பிரிவுபசார விழாக்களிற் கேளுங்கள். முப்பத்தைந்து வருட சேவையில் ஒரு நாளேனும் லீவு எடுக்காதவர் என்று சொல்லிக் கைதட்டுகின்றோம். அவர் என்ன கற்பித்தார், புதிதாக எதைப் படித்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை. வெள்ளவத்தையில் விடுமுறைக் காலத்திலேதான் ரியூஷன் வகுப்புகள் கூடுதலாக நடக்கின்றன. பிள்ளைகள் பாடசாலை திறந்தபின்னரே சற்று மூச்சுவிடுகின்றனர்.

மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. அவர்கள் பிறந்தது உடுவிலிலும் தெல்லிப்பழையிலும். தவழ்ந்தது எங்கள் செம்மண்ணில். எட்டு, பத்து வயதானதும், கல்விக்காகவும் உடல்நலத்துக்காகவும், தாம் ஒருநாளும் காணாத "தாயகத்துக்கு" அனுப்பப்பட்டனர். மைரன் வின்சிலோவுக்கும் ஹரியற் வின்சிலோவுக்கும் 1821இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த சாள்ஸ் என்னும் மைந்தன் அவ்வாறு அனுப்பப்பட்டு, 1832 மே மாதத்தில் நியூயோர்க்கில் இறந்தான். வயது பதினொன்று. அவனுடைய தாயார், உடுவிற் பாடசாலையைத் தோற்றுவித்த ஹரியற், அடுத்த ஜனவரியில் உடுவிலிலேயே காலமானார். 1901இற் கோடைக்கானலிற் பாடசாலை ஒன்று தொடங்கியபோதுதான் இத்தகைய பிள்ளைகளிற் பலருக்குப் பெற்றோரைக் கடலுக்கு அப்பால் விட்டுச்செல்ல வேண்டிய தேவை குறைந்தது. மலைமேலே ஒரு பள்ளிக்கூடமும் சில வாரம் பெற்றோருடன் சேர்ந்திருக்கும் கோடைவிடுமுறையும் என்றால், அது உல்லாசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாயகம் எது என்ற இக்கேள்வி எமக்குப் புதிதன்று. ஆடி, ஆவணி மாதங்களில் வெள்ளவத்தை வீதிகளிற் சென்று பாருங்கள். 1983க்குப் பின் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்ற எம்மவர்கள் பிள்ளைகளுடன் வந்து தொடர்மாடிகளிற் சில வாரம் தங்குகின்றனர். பெற்றோர் வீட்டுக்கு வந்ததாக எண்ணுகின்றனர். பிள்ளைகள் விடுமுறைக்கு வந்ததாக எண்ணுகின்றனர். ஒரே விமானத்தில் ஒரே நாளில் வந்தவர்களே இவர்கள். சாள்ஸ் வின்சிலோ கப்பலேறியபோது எண்ணியதும் இத்தகையதாகவே இருந்திருக்கும், திசைமட்டும் எதிர்.

இவ்வளவும் மிஷனரிமாருக்காகப் பேசினேன். இனி அவர்களுக்கு எதிராகவும் சிறிது பேசவேண்டும். பேசாவிட்டால் என் வழக்கு ஒருபக்க வழக்காகிவிடும்.

1834இல் மதுரைக்குச் சென்றவர்கள் அமெரிக்கர் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளரும் உடன்சென்றனர். அவர்களும் தம் ஊரையும் உற்றாரையும் விட்டுக் கடல் கடந்தவர்களே. சிறு கடல்தான், ஆனாலும் கடல். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து மாணவர் தாமாகவே சங்கம் அமைத்து இராமநாதபுரப் பகுதியிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். பிறநாட்டு ஊழியம் என்பது வெள்ளையர்க்கு மட்டும் உரிய சொல்லன்று என்பதற்கு இவை சான்று. ஆயின், இவர்களுக்கு ஓய்வு இருந்ததா? கோடைக்கானலின் முதல் வீடுகள் இவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வாந்திபேதி வெள்ளையனையும் தமிழனையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை, மலைவீடு பார்த்தது. மோட்டார் வண்டிப் பாதை திறக்கப்படும் வரையில் அம்மலைக்கு நோயாளியும் குழந்தையும் ஏறியது தமிழ்க் கூலிகளின் தோளின்மேலே. ஏற்றிவிட்டு அவர்கள் மறுநாள் இறங்கிவிடுவர், அடுத்த சுமைக்காக.

பெயரும் போயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் உபகாரச் சம்பளம் பெற்ற மாணவர் பலர், பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களையே தாம் சூடிக்கொண்டனர். ஆகையால் பழைய பதிவேடுகளில் ஆங்கிலப் பெயர் ஒன்றைக் காணும்போது அது பொஸ்ரன்காரரா, மல்லாகத்தவரா என்று சற்றே நின்று பார்க்கவேண்டியிருக்கின்றது. கிறீனின் நூல்களில் உழைத்த சப்மன் போன்றோரை வெள்ளையர் என்றே எண்ணியிருக்கும் வாசகரும் உண்டு. கிறீன் வூஸ்ரருக்குப் போய் உடல் தேறினார். சப்மனுக்குப் போவதற்கு எந்த வூஸ்ரர் இருந்தது?

மிஷனரிமார் மீது நாம் சாட்டவேண்டிய குற்றம் இதுவே. அவர்கள் ஓய்வெடுத்தார்கள் என்பதன்று. ஓய்வு வேண்டும் என்ற உண்மையைத் தம் கல்லறைகளிலிருந்து இவ்வளவு விலைகொடுத்துக் கற்றவர்கள், அதனைத் தம்முடன் வேலைசெய்தவர்க்குப் பங்கிடவில்லை என்பது. பாடசாலையைத் தந்தார்கள், அச்சுக்கூடத்தைத் தந்தார்கள், வைத்தியசாலையைத் தந்தார்கள். மலைவீட்டின் திறப்பை மட்டும் தம் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்கள். நாமும் அவர்களிடமிருந்து மணி அடித்துப் பள்ளி தொடங்கும் ஒழுங்கைக் கற்றோம். மணி அடித்தபின் ஓய்வதைக் கற்கவில்லை.

இவற்றையெல்லாம் இரண்டு மாலைகளாக நண்பருக்குச் சொன்னேன். அவர் நல்ல செவியுடையவர், நடுவே பேசமாட்டார். இரண்டாம் நாள் அந்தக் குடும்பம் இருந்த இடத்திற்கு வந்தபோது அங்கே எவருமில்லை. பிள்ளைகள் தோண்டிய குழியையும் அலை மூடிவிட்டது. அவர்கள் அந்நேரம் தம் மலைக்குத் திரும்பிச் சேர்ந்திருப்பர். வைத்தியசாலை வாயிலில் நோயாளர் காத்திருந்திருப்பர்.

"நீங்கள் எப்ப மாஸ்ரர் கடைசியா எங்கேயாவது போய் இளைப்பாறினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். புகையிரதப் பாதை வந்துவிட்டது. பாணந்துறைப் பக்கம் போகும் வண்டி ஒன்று வாயிலிலும் ஆட்கள் தொங்க எம்மைக் கடந்து சென்றது. அது போனபின் சொன்னார்:

"எண்பத்தொண்டிலை நுவரெலியாவுக்குப் போனனான். மூண்டு நாள். நல்ல குளிர்."

"குடும்பத்தோடையோ?"

"இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையள் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு."